லட்லோவை நடந்தே பார்க்க: முதல்முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்கள், விடுமுறை கிடைத்ததும் லண்டன், ஆக்ஸ்ஃபோர்ட், பாத் என்று கிளம்பிவிடுகிறார்கள். எல்லாம் பார்க்க வேண்டிய ஊர்கள்தான். ஆனால் கம்பளி விற்றும், கையுறை தைத்தும், ஆடுமாட்டுக்குப் பேரம் பேசியும் இந்த நாட்டுச் சாதாரண ஜனங்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால், பழைய சந்தை ஊர் ஒன்றுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் லட்லோவைச் சொல்வேன்.

வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில், தீம் ஆறு வளைந்து ஓடும் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது இந்த ஊர். மக்கள்தொகை சுமார் 10,000. அரசு பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் கட்டடங்களோ ஏறக்குறைய 500. கோட்டை, சந்தை, பெரிய தேவாலயம், மதில் வாசல், பழைய பாலம் எல்லாம் காலாலேயே எட்டிவிடும் தூரத்தில் இருக்கின்றன. கீழே சொல்லும் வழி ஸ்டேஷனில் தொடங்கி ஸ்டேஷனிலேயே முடியும். நின்று நிதானமாகப் பார்க்க ஒரு முழுப் பகல் வேண்டும்.

கிளம்பும் முன்

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். திறந்தவெளிச் சந்தை வழக்கமாகத் திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாட்களில் கூடுகிறது. சில ஞாயிறு, வியாழக்கிழமைகளில் பழம்பொருள், கைவினை என்று தனிச் சந்தைகளும் உண்டு. சந்தை இல்லாத நாளில் போனாலும் ஊர் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஊர் எதற்காக உண்டானதோ அதைப் பார்க்காமல் திரும்ப வேண்டியிருக்கும். கூட்டம் பரவாயில்லை, வெள்ளி அல்லது சனிக்கே போங்கள். செப்டம்பரில் கோட்டைக்குள் உணவுத் திருவிழா நடக்கும். 1995 முதல் நடந்துவருகிறது. அந்த வார இறுதியில் சாப்பாடுதான் பிரதானம், கோட்டையை அமைதியாகச் சுற்றிப் பார்ப்பது கடினம்.

ரயிலில் போவது சுலபம். ஷ்ரூஸ்பரிக்கும் ஹெரிஃபோர்டுக்கும் நடுவே இருக்கிறது லட்லோ. இரண்டு பக்கமிருந்தும் அரை மணி நேரம்தான். மான்செஸ்டரிலிருந்து நேர் ரயில் உண்டு. பர்மிங்ஹாமிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஓரிடத்தில் மாற வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு என்பதால் திரும்பும் நேரத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காரில் வந்தால் ஊருக்கு வெளியே, காரை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் ஊருக்குள் வரும் பார்க் அண்ட் ரைடு இருக்கிறது. உள்ளே தெருக்கள் குறுகல், இடம் தேடியே நேரம் போய்விடும்.

செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். ஊர் மேட்டில் இருப்பதால் ஏற்ற இறக்கம் உண்டு, ஆற்றோரப் பாதை மழைக்குப் பின் வழுக்கும். கோடையிலும் மழைக்கான மேல்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

ஸ்டேஷனிலிருந்து சந்தைக்கு

ஸ்டேஷன் சாலையைப் பிடித்து கோர்வ் ஸ்ட்ரீட் வந்து, மேட்டை நோக்கி ஏறுங்கள். தெருவின் தலைப்பில் இடது பக்கம் ஒரு மரக் கட்டடம் உங்களை நிறுத்திவிடும். அதுதான் ஃபெதர்ஸ். 1619-ல் ரீஸ் ஜோன்ஸ் என்ற வழக்கறிஞர் கட்டிய வீடு; பிற்பாடு விடுதியாகி நூற்றாண்டுகள் ஓடின. கறுப்பு மரச் சட்டங்களுக்கு இடையே வெள்ளைப் பூச்சு, சட்டத்தில் இடமில்லாதபடி செதுக்கல். இந்த மாதிரிச் செதுக்கல் கட்டடம் நிற்பதற்குத் தேவையே இல்லை, காசு இருக்கிறது என்று காட்டத்தான். எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் நின்று மேல்மாடிகளைப் பாருங்கள். முக்கோண முகடுகளில் செதுக்கியிருக்கும் இறகுகள் வேல்ஸ் இளவரசரின் சின்னம். கட்டடத்தின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

அதைத் தாண்டி புல் ரிங், அங்கிருந்து வலப்பக்கம் கிங் ஸ்ட்ரீட். இந்த இடத்தில் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஊரின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது.

பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, கோட்டை கட்டிய பிரபுக்கள் அதன் வாசலில் ஊர் ஒன்றையும் திட்டமிட்டு உண்டாக்கினார்கள். காரணம் வருமானம். சந்தை கூடினால் சுங்கம் வரும், மனை பிரித்துக் கொடுத்தால் வாடகை வரும். லட்லோவில் கோட்டை வாசலிலிருந்து புல் ரிங் வரை ஒரே அகலமான சந்தைத் தெருவாக இருந்தது. நடுவில் கூடாரம் போட்டுக் கடை நடத்தியவர்கள் காலப்போக்கில் மரத்தால் கட்டிக்கொண்டார்கள், அப்புறம் மாடி எழுப்பினார்கள், கடைசியில் அவை வீடுகளாகவே நிலைத்துவிட்டன. அகலத் தெரு இப்படித்தான் ரெண்டு மூன்று ஒல்லித் தெருக்களாகப் பிரிந்தது. கிங் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட், ஹார்ப் லேன் எல்லாம் அந்த ஆக்கிரமிப்புக்கு இடையே மிஞ்சிய சந்துகள். நம் கோயில் வாசல் கடைகள் ஓலைப் பந்தலில் தொடங்கி கான்கிரீட் கடையாவதைப் பார்த்தவர்களுக்கு இது விளக்காமலே புரியும். சந்துகளில் வேண்டுமென்றே ஒருமுறை நுழைந்து வெளியே வாருங்கள். தோள் உரசும் இடங்களில் மாடிகள் தெருவின் மேல் முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும். தரையில் கிடைக்காத இடத்தை மேலே பிடித்துக்கொண்டார்கள்.

கிங் ஸ்ட்ரீட் முடியும் இடத்தில் பட்டர்கிராஸ் என்ற கல் கட்டடம், மேலே மணிக்கூண்டுடன். 1740-களில் கட்டியது. கீழே தூண்களும் திறந்த வெளியுமாக இருக்கும் தளத்தில் வெண்ணெய் விற்றார்கள். மாடியில் இப்போது ஊரின் சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருந்தால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

காஸில் ஸ்கொயர்

நேரே நடந்தால் கடைகள் விரிந்த சதுக்கம். இதன் நடுவே விக்டோரியா காலத்து டவுன் ஹால் ஒன்று செங்கல்லில் நின்றது. 1986-ல் அதை இடித்தார்கள். இடித்த பிறகுதான் கோட்டை வாசலும் சந்தையும் மறுபடி ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தன.

சந்தையில் காய்கறி, சீஸ், ரொட்டி, செடி, பழைய புத்தகம், துணி என்று கலவையாக இருக்கும். ஷ்ராப்ஷயரும் பக்கத்து ஹெரிஃபோர்ட்ஷயரும் விவசாயப் பூமி; ஆப்பிள், பேரி, மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சிக்குப் பெயர் போனவை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தச் சின்ன ஊரில் மிஷலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் வாங்கிய உணவகங்கள் மூன்று இருந்தன. நீங்கள் சைவமானால் கவலை வேண்டாம்: நல்ல ரொட்டி, உள்ளூர் சீஸ், ஆப்பிள் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். கடைக்காரர்கள் பேசுவார்கள், நீங்களும் பேசுங்கள். எது எந்தப் பண்ணையில் செய்தது, எதை எதோடு சாப்பிட வேண்டும் என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள், சுவைத்துப் பார்க்க ஒரு துண்டும் கிடைக்கும். பேரம் மட்டும் இங்கே பழக்கமில்லை.

கோட்டை

டிக்கெட் உண்டு, கொடுத்த காசு வீண் போகாது. நுழைந்ததும் வரும் புல்வெளி வெளிமுற்றம். மிச்சமுள்ள பெருங்கட்டடங்கள் அகழிக்கு அப்பால், உள்முற்றத்தில். பெரும் கோபுரத்தின் அடிப்பகுதியைச் சுற்றிப் பாருங்கள்: அது முதலில் வாசலாக இருந்து, பின்னால் அடைக்கப்பட்டுக் கோபுரமானது. அடைத்த வளைவின் கோடு சுவரில் இன்னும் தெரிகிறது. 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டி லேசி குடும்பத்தார் தொடங்கிய கோட்டை இது.

உள்முற்றத்தில் தனியாக ஒரு வட்டச் சுவர் நிற்கும். மேரி மக்தலேனா பெயரிலான சிற்றாலயம், 12-ஆம் நூற்றாண்டு. வட்ட வடிவ ஆலயங்கள் இங்கிலாந்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வாசல் வளைவில் வரிசை வரிசையாக வளைநெளிக் கோடுகள் செதுக்கியிருப்பார்கள். கிட்டே போய்ப் பாருங்கள், தொடாதீர்கள். உள்ளே போய் நடுவில் நின்றால் கூரையில்லாத வானம் வட்டமாகத் தெரியும்.

இந்தக் கோட்டையில் ஆட்சி நடந்தது வெறும் உள்ளூர் ஆட்சி இல்லை. வேல்ஸையும் எல்லை மாவட்டங்களையும் நிர்வகித்த மன்றம் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1689 வரை இங்கிருந்துதான் இயங்கியது. அரசர் நான்காம் எட்வர்ட் தன் மூத்த மகனை இங்கே வளர அனுப்பினார். 1483-ல் தந்தை இறந்ததும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் இங்கிருந்து லண்டனுக்குப் புறப்பட்டான். பிறகு லண்டன் கோபுரத்தில் தம்பியோடு காணாமல் போனான். 1502 ஏப்ரலில் ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர், கல்யாணமான சில மாதங்களில், இங்கே இறந்தான். அவன் விதவை கேத்தரினை அவன் தம்பி எட்டாம் ஹென்றி மணந்ததும், பின்னர் அவளை விலக்கத் துடித்ததும், அதனால் இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்ததும் பள்ளிப் பாடத்திலேயே வரும் கதை. அதன் ஆரம்பம் இந்தச் சுவர்களுக்குள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே இன்னொன்றையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இடிந்து கிடந்த இந்தக் கோட்டையை 1811-ல் அரசிடமிருந்து வாங்கியவர் போவிஸ் பிரபு. அவர் பெயர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். 1774 முதல் 1794 வரை லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர், 1798 முதல் 1803 வரை சென்னையின் கவர்னர். 1799-ல் திப்பு வீழ்ந்ததும், அதே ஆண்டு கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801-ல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும் இவர் கவர்னராக இருந்த காலத்தில். நாம் ராஜாஜி மண்டபம் என்று சொல்லும் கட்டடத்தை எழுப்பச் செய்ததும் இவர்தான். கோட்டை இன்றும் போவிஸ் குடும்பச் சொத்தாகவே இருக்கிறது. கோட்டையின் அழகை ரசிப்பதற்கு இது தடையில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு ரசிப்பது நமக்கு அவசியம் என்று நினைக்கிறேன்.

ஆற்றுக்கு இறங்குதல்

கோட்டையை விட்டு வெளியே வந்ததும் வலப்பக்கம் திரும்பி, மதிலை ஒட்டியபடி டினம் தெருவில் இறங்குங்கள். வழியில் டினம் ஹவுஸ் என்ற பெரிய செங்கல் வீடு வரும். நெப்போலியனின் தம்பி லூசியன் போனபார்ட்டை 1811-ல் ஆங்கிலேயர்கள் கொஞ்ச நாள் வைத்திருந்த இடம். தெரு கீழே டினம் பாலத்தில் முடியும். பாலம் 1823-ஐச் சேர்ந்தது. தடுப்பணையில் தண்ணீர் வழியும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். இந்த ஊரில் ஆற்று வேகத்தை நம்பித்தான் மாவு அரைத்தார்கள், கம்பளித் துணியை அடித்துக் கெட்டியாக்கினார்கள். கரையில் புல்வெளி இருக்கிறது. வாங்கி வந்த ரொட்டியை இங்கே பிரியுங்கள்.

பாலத்தைக் கடந்து இடப்பக்கம் திரும்பினால் பிரெட் வாக் என்ற ஆற்றோரப் பாதை. 19-ஆம் நூற்றாண்டில் இதைப் போட்ட கூலிகளுக்குக் காசு கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று ரொட்டியாகவே கூலி கொடுத்தார்கள் என்பது ஊர்க்கதை. ஒரு பக்கம் பாறைச் சரிவும் மரமும், மறுபக்கம் கீழே ஆறு, அதற்கப்பால் மேட்டில் ஊர். தெம்பு இருந்தால் நடுவில் பிரியும் பாதையில் விட்க்ளிஃப் பொதுவெளிக்கு ஏறுங்கள். கோட்டை, கூரைகள், தேவாலயக் கோபுரம் மூன்றும் ஒரே பார்வையில் அடங்குவது அங்கிருந்துதான். படம் எடுப்பவர்களுக்கு மாலை வெயில் நல்லது.

பாதை லட்ஃபோர்ட் பாலத்தருகே முடியும். சாலை முனையில் தாழ்வான பாறை முகம் ஒன்று இருக்கும். பலர் கார் ஓட்டிக்கொண்டு கடந்துவிடும் இடம், உலக நிலவியலாளர்கள் தேடி வரும் இடம். பாறை அடுக்குகளுக்கு நடுவே குடைந்தது போல ஒரு ஒடுக்கமான கோடு தெரியும். சில சென்டிமீட்டர் கனம்கூட வராத அந்த அடுக்கில் ஆதிகால மீன்களின் செதிலும் எலும்புத் துணுக்கும் நெருக்கிக் கிடக்கின்றன. சுமார் 42 கோடி ஆண்டுப் பழமை. சேகரிப்பவர்கள் தோண்டித் தோண்டித்தான் அந்தக் குடைவு உண்டானது. இப்போது சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. கல்லை உடைக்கவோ எடுக்கவோ கூடாது. பூமியின் வரலாற்றில் ஒரு காலப் பிரிவுக்கே லட்லோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பத்தாயிரம் பேர் வாழும் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

பாலத்தின் மேல் நின்றால் 1459 அக்டோபரை நினைக்காமல் இருக்க முடியாது. இரண்டு அரச குடும்பக் கிளைகள் அரியணைக்காக மோதிய ரோஜாப் போர்களில் யார்க் பிரபு ரிச்சர்ட் இந்த இடத்தில் படையோடு அரசர் படையை எதிர்த்து நின்றார். தன் ஆட்களில் ஒரு பகுதி எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டதும் இரவோடு இரவாகத் தப்பி ஓடினார். போர் நடக்கவேயில்லை, ஆனால் ஜெயித்த படை ஊருக்குள் புகுந்து கொள்ளையடித்தது. அடி வாங்கியது ஊர்தான்.

பிராட் ஸ்ட்ரீட்டில் ஏறுங்கள், இறங்காதீர்கள்

பலர் பட்டர்கிராஸிலிருந்து இந்தத் தெருவில் இறங்கி வருகிறார்கள். நான் ஆற்றிலிருந்து ஏறச் சொல்வேன், பழைய நாட்களில் ஊருக்கு வந்தவர்கள் வந்த திசை அது. கீழ்ப்பகுதியில் நெசவாளர்களும் கூலிக்காரர்களும் வாழ்ந்த சின்ன வீடுகள். அப்புறம் பிராட்கேட். 1233-ல் மதில் கட்ட அனுமதி கிடைத்து, கட்டி முடித்த ஊருக்கு ஏழு வாசல்கள் இருந்தன. வளைவோடு நிற்பது இது ஒன்றுதான். இடைக்கால வாசலின் மேல் பிற்காலத்தில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள், இரண்டு பக்கமும் கோபுரத்தின் உருண்டை வயிறு மிச்சம். வளைவுக்குள் நின்று, கதவை மேலிருந்து இறக்க விட்ட பள்ளத்தைக் கல்லில் தேடிப் பாருங்கள். கார்கள் இதன் வழியே போகும், ஓரமாக நில்லுங்கள்.

வளைவைத் தாண்டியதும் தெரு அகன்று மேலே விரியும். இருபுறமும் செங்கல் வீடுகள், ஒரே சீரான ஜன்னல்கள், மேலே பட்டர்கிராஸின் மணிக்கூண்டு. இங்கிலாந்தின் மிக அழகான தெருக்களில் ஒன்று என்று பலரும் சொல்வது இதைத்தான், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அழகோடு நிறுத்தாமல் வீடுகளின் பக்கவாட்டையும் பாருங்கள். முன்னால் 18-ஆம் நூற்றாண்டுச் செங்கல், பக்கத்துச் சந்தில் எட்டிப் பார்த்தால் அதே வீட்டின் உடம்பு மரச்சட்டம். கோட்டையிலிருந்த மன்றம் போன பிறகும் சுற்றுவட்டாரக் கனவான்கள் இங்கே வந்து தங்கி நாகரிகமாக வாழ்ந்தார்கள். பழைய மர வீட்டை இடிக்காமல் புது மோஸ்தரில் முகப்பை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். எந்தச் சந்தை ஊருக்குப் போனாலும் இந்த வழக்கத்தைக் கடைப்பிடியுங்கள்: முகப்பைப் பார்த்ததும் சந்துக்குள் போய்ப் பின்பக்கத்தைப் பாருங்கள், கூரையின் சரிவைப் பாருங்கள். வயது அங்கேதான் தெரியும். மனைகளின் அகலமும் அப்படியே. பிரபு அளந்து கொடுத்த நீண்ட ஒல்லி மனைகளின் எல்லைகளில் பல எட்டு நூற்றாண்டு கழிந்தும் நகராமல் இருக்கின்றன. அதனால்தான் பின்கட்டுத் தோட்டங்கள் அத்தனை நீளம்.

கடைசியாக, புனித லாரன்ஸ்

பட்டர்கிராஸுக்குப் பின்னால் சந்தில் நுழைந்தால் தேவாலயம். சந்தைக் கட்டடங்கள் மறைத்துக்கொண்டிருப்பதால், ஊர் முழுக்கத் தெரிந்த 135 அடிக் கோபுரம் பக்கத்தில் வந்ததும் காணாமல் போயிருக்கும். வாசலில்தான் மறுபடி தெரியும். நுழைவு இலவசம், விரும்பினால் காணிக்கை போடலாம். கோபுரம் ஏற மட்டும் தனிக் கட்டணம். 200 படி, இறுக்கமான சுழல், முட்டி வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

இத்தனை பெரிய தேவாலயத்தை இத்தனை சின்ன ஊர் கட்டியது கம்பளிக் காசில். பாமர்ஸ் கில்ட் என்ற பக்தர் சங்கத்துக்கு நாடெங்கும் உறுப்பினர்கள் இருந்தார்கள், சங்கத்தின் வீட்டு வாடகைகளும் நன்கொடைகளும் இங்கே வந்து சேர்ந்தன. அவர்கள் கதை சொல்லும் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வடக்குப் பக்கத்துச் சிற்றாலயத்தில் இருக்கிறது.

எதை விட்டாலும் பாடகர் பகுதியின் மடக்கு இருக்கைகளை விட்டுவிடாதீர்கள். நீண்ட வழிபாடுகளில் நின்றே இருக்க வேண்டியவர்கள் சற்றுச் சாய்ந்துகொள்ள, மடக்கிய பலகையின் அடியில் சின்ன முட்டு ஒன்று இருக்கும். அந்த முட்டைத் தாங்கும் மரத்தில் 15-ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் மனம்போல் செதுக்கினார்கள். மொத்தம் 28 இருக்கைகள். பிஷப் உடையில் வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்யும் நரி ஒன்று. கடற்கன்னி ஒன்று. குளிருக்கு அடுப்பருகே காய்கிற ஆள் ஒருவர். எனக்கு மிகவும் பிடித்தது கள்ள அளவு வைத்து ஏல் என்ற பீர் விற்ற பெண்: பேய் ஒன்று அவளைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு போகிறது, அவள் கையில் அந்தக் கள்ளக் குவளை, ஒரு பேய் அவள் குற்றங்களைச் சுருள் பார்த்து வாசிக்கிறது, இன்னொன்று தோற்பைக் குழல் ஊதுகிறது, பக்கத்தில் நரகத்தின் வாய் திறந்திருக்கிறது. சந்தையில் அளவில் ஏமாற்றுவதை விடப் பெரிய பாவம் இந்த ஊருக்குத் தெரியவில்லை. குனிந்து, கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் செதுக்கலின் ஆழம் தெரியாது. கயிறு கட்டியிருந்தால் தாண்ட வேண்டாம், அங்கிருக்கும் தொண்டர்களைக் கேளுங்கள். கூடவே வந்து ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள்.

பப்களில் மதியச் சமையலறை இரண்டு, இரண்டரைக்கு மூடும், கடைகள் ஐந்துக்கு மூடத் தொடங்கும். அதனால் டீ குடிக்க வேண்டுமானால் நான்கு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். சந்தை வியாபாரிகள் அதற்கும் முன்பே சாமான் கட்ட ஆரம்பிப்பார்கள், சீஸ் வாங்க நினைத்தால் காலையிலேயே வாங்கிவிடுங்கள். ரயிலுக்குக் கால் மணி நேரம் முன்னால் கிளம்பினால் போதும். புல் ரிங்கிலிருந்து ஸ்டேஷன் வரை இறக்கம்தான்.